கண் திறந்த படம்

சைதாப்பேட்டை காரணீஸ்வரர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டலாம், அடித்து அணைக்கத் தயார்.

நிலா தன் அப்பாவின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அப்பா சுப்புராயன் விடியற்காலையிலேயே இறந்துவிட்டதால் இதில் குற்றம் ஒன்றுமில்லை. பிடுங்கியது அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பிளக். முன்னறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பந்தல்காரன் வெளியே இழுத்துப் போயிருந்தான். காலியான இடத்தில் அவள் தன் பிரிண்டரைச் சொருகினாள். ஐஸ் பெட்டி பெருமூச்சு விட்டு அடங்கியது. கூடவே ஒப்பாரியும் அடங்கியது.

“இன்னாடி பண்ற?” என்றாள் அம்மா தேவானை. “உங்கப்பாவுக்கு வேர்க்கும்டி.”

“கொஞ்ச நேரம்மா. படம் வந்ததும் மாட்டிடறேன்.”

“கண்ண தொறந்துகினு கீறாரா?”

“தொறந்துகினுதான் கீறாரு.”

“அப்ப சரி” என்று தேவானை மூக்கைச் சிந்திவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

சுப்புராயன் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பூண்டு வியாபாரம் செய்தவர். எதற்கும் பயப்படாதவர், கேமராவைத் தவிர. கேமராவைக் கண்டால் அவர் இமை தானாக மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை தூங்குகிறார். தூக்கத்திலேயே தாலி கட்டுகிறார். ஆதார் எடுத்த பெண் வேறு வழியில்லாமல் அவர் இமையை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்த அட்டையில் அவரும் இருக்கிறார், அவள் நகப்பூச்சும் இருக்கிறது.

அதனால்தான் காலையில் சாவுச் சேதி சொல்ல ஆள் அனுப்புவதற்கு முன்பே தேவானை அறிவித்துவிட்டாள்: “கண்ணு தொறந்த படம் ஒண்ணு வண்டி முன்னாடி மாட்டணும். இல்லாங்காட்டி எடுக்க வுடமாட்டேன். காலம்பூரா படத்துல என்னப் பாக்காத மனுசன். இனிமேலாச்சும் செவுத்துலேந்து பாக்கட்டும்.”

ராகு காலத்துக்கு முன் எடுத்தாக வேண்டும். அமரர் ஊர்தி ஓட்டுநர் வெளியே ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் திறந்த படம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது நிலாவின் போனில். அப்பாவுக்குத் தெரியாமல், பாட்டு கேட்பதுபோல் போனைப் பிடித்துக்கொண்டு எடுத்தது. வாய் நிறையச் சிரிக்கிறார். மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை.

“பொக்க வாயோட மாட்டுனா ஜனம் சிரிக்கும்க்கா” என்றான் தம்பி செம்பியன். “நான் பாஷா மாமா லேபுக்கு வேற படம் அனுப்பிட்டேன். அவரு ரெடி பண்ணிகினு கீறாரு.”

“எந்தப் படம்டா?”

“பக்கத்து வூட்டுக் கல்யாணத்துல எடுத்தது. டீசன்ட்டா இருப்பாரு.”

“அதுல தூங்குறாருடா!”

“லேபுல எழுப்பிடுவாங்க.”

இங்கே மெஹபூப் பாஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெட் முனையில் போட்டோ லேப் வைத்திருந்தவர். சுப்புராயனுக்கு உயிர் நண்பர். நிலா பிரிண்டர் வாங்கிய நாளிலிருந்து பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்து இருவருக்கும் தினம் சண்டை.

“வூட்டுல அடிக்கற பிரிண்டு ஒரு தும்மலுக்குத் தாங்காது சுப்பு. மையெல்லாம் அழுவும்.”

“உன் லேபுல மட்டும் இன்னாவாம்? போறவன் பூண்டு யாவாரி, வர்றவன் ஜில்லா கலெக்டரு.”

இது அநியாயமான பேச்சு இல்லை. பாஷாவின் கம்ப்யூட்டரில் ஒரு நீலக் கோட்டு இருந்தது. சைதாப்பேட்டையில் செத்த ஆண்கள் எல்லோரும் கடைசியில் அந்தக் கோட்டுக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு சுவரில் அதே கோட்டு, அதே டை, பின்னால் அதே அருவி. ஒரு வீட்டில் திவசத்தன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு மாலை போட்டு, படையல் முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை.

பிரிண்டர் இருமியது. தாளை உள்ளே இழுத்தது.

பளபளப்புத் தாள் நிலாவிடம் இரண்டுதான் இருந்தது. முதல் தாளில் முடி வந்தது. நெற்றி வந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“நெத்தி வந்துச்சி!” என்று வாசலுக்குச் செய்தி போனது. “அம்மாம் பெரிய நெத்தி, அவருதான்!” என்று வாசல் பதில் சொன்னது. பறை அடிக்கிறவர்கள் ஆளுக்கொரு அடி போட்டு வைத்தார்கள்.

புருவம் வந்தது. அத்தோடு தாள் சிக்கிக்கொண்டது. நிலா இழுத்தாள்; கிழிந்து வந்தது.

செம்பியன் பிளக்கைப் பிடித்தான். “போதும்க்கா. அப்பா பெட்டி சூடாவுது. கழட்டு.”

“இன்னும் ஒரு தாளு கீதுடா.”

“அதுவும் மாட்டிகினா?”

நிலா கடைசித் தாளை உறையிலிருந்து எடுத்தாள். அவள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

தேவானை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கை வைத்துப் பார்த்தாள். “வேர்த்தா வேர்க்கட்டும். மார்க்கெட்டுல வேர்க்காத வேர்வையா? டேய் செம்பியா, பெட்டியத் தொறந்து உங்கப்பாவுக்கு விசிறு.”

செம்பியன் கலங்கிய கண்ணோடு ஒரு செய்தித்தாளை மடித்து விசிற ஆரம்பித்தான்.

அப்போதுதான் மெஹபூப் பாஷா மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் சட்டம் போட்ட பெரிய படம். சுப்புராயன் நீலக் கோட்டில், அருவிக்கு முன்னால், முப்பத்திரண்டு பல்லோடு நின்றார். கண்கள் அகலத் திறந்திருந்தன.

கூட்டம் “ஆ” என்றது. ஓட்டுநர் வண்டியை ஸ்டார்ட் செய்தே விட்டார்.

தேவானை படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். மறுபடி கிட்டத்தில் பார்த்தாள்.

“பாய், இது யாரு கண்ணு?”

“சுப்பு கண்ணுதான் அண்ணி.”

“நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவகிட்ட சொல்றீங்களா?”

பாஷா மாலையைக் கீழே வைத்தார். செருப்பு போட்டிருக்கிறோமா என்று பார்ப்பதுபோல் தரையைப் பார்த்தார்.

“எத்தினியோ பேரு கண்ண வெச்சிப் பாத்தேன் அண்ணி. கவுன்சிலரு கண்ணு, மாப்பிள்ளைங்க கண்ணு, எதுவும் செட் ஆவல. ஒண்ணு மொறைக்குது, ஒண்ணு பொய் சொல்லுது. அப்பால…” குரல் இறங்கியது. “என்னுத எடுத்து வெச்சேன்.”

செம்பியனின் விசிறி மட்டும் அசைந்தது.

“அய்ய பாய்” என்றாள் தேவானை, மெதுவாக. “நாளைக்கு நான் வெளக்கேத்தி, தலைய விரிச்சிப் போட்டு அழுதுகினு நிப்பேன். செவுத்துலேந்து நீங்க என்னப் பாத்துகினு இருப்பீங்களா? சைதாப்பேட்ட சிரிக்காதா?”

முதலில் சிரித்தது பாஷாதான். பிறகு தேவானை. சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நிலா கடைசித் தாளை வைத்தாள். பாஷா அவள் பக்கத்தில் வந்து குந்தினார். “ஓரத்த நேராப் புடி கண்ணு. சாஞ்சா மறுபடி கடிக்கும்” என்றார், தன் எதிரி யந்திரத்தின் மேல் கை வைத்து.

பிரிண்டர் இழுத்தது. முடி. நெற்றி. இப்போது தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து “கண்ணு வந்துச்சா?” என்று கேட்டார், “பொறுப்பா, இப்பத்தான் புருவம்” என்றதும் பயணிகளுக்குச் சொல்ல ஓடினார். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றது என்றும் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆகவே சொல்லமாட்டேன்.

புருவம் தாண்டியது. பிரிண்டர் கொஞ்சம் தயங்கியது. பறைக்காரர்கள் குச்சியை மேலே தூக்கியபடி நின்றார்கள்.

“வாப்பா” என்றாள் நிலா, அதட்டுவதுபோல. “வா.”

கண் வந்தது. இரண்டும் திறந்த கண்.

அந்த விசிலும் பறையும் கிண்டிவரைக்கும் கேட்டன. மூக்கு, மீசை, சிரிப்பு, பல் போன இடம் எல்லாம் ஆரவாரத்துக்கு நடுவே தானாக வந்து சேர்ந்தன. ஒரே ஒரு குறை. பாதியில் சிவப்பு மை தீர்ந்துவிட்டது. சுப்புராயன் மீசைக்குக் கீழே கிளிப்பச்சை நிறத்தில் சிரித்தார்.

“இன்னாக்கா, அப்பா பச்சையா கீறாரு?” என்றான் செம்பியன்.

தேவானை படத்தை வாங்கினாள். இந்த முறை தள்ளி வைத்துப் பார்க்கவில்லை. ஈரம் காயாத தாளை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தாளும் அவளைப் பார்த்தது.

“இவருதான்” என்றாள். “பெட்டிய மாட்டுடி. பாவம், வேர்த்துட்டாரு.”

பாஷா தன் சட்டத்தின் ஆணிகளைப் பின்னாலிருந்து நெம்பினார். நீலக் கோட்டுப் படத்தை வெளியே எடுக்கவில்லை. நிலாவின் படத்தை அதன் மேல் வைத்து, காற்றுப் போகாமல் ஓரம் ஒட்டி, கண்ணாடியை மூடினார்.

“பின்னாடி நானும் இருந்துட்டுப் போறேன் அண்ணி. தொந்தரவு பண்ணமாட்டேன்.”

“கண்ண மூடிகினு இருங்க” என்றாள் தேவானை.

ராகு காலத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஊர்தியின் முகப்பில் சுப்புராயன் பச்சையாகச் சிரித்துக்கொண்டு கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுக்குக் கிளம்பினார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நிலா அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்தபடி நின்றாள். பூ இறைக்க இறைக்க, ஈர இதழ்கள் கண்ணாடியில் போய் ஒட்டின. வண்டிக்கு முன்னால் பின்புறமாக நடந்துகொண்டிருந்த பாஷா, கண்ணுக்கு மேல் ஒட்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் எடுத்துக்கொண்டே போனார்.

அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தத் தெருவில் கரண்டே இல்லை. பிரிண்டர் எப்படி ஓடியது என்று கேட்கிறவர்கள் கற்பூரத்தை எடுத்து வரலாம்.