கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகம்

கோடை விடுமுறை தொடங்கியதும் அந்தப் புத்தகக் கடையின் வாசலுக்கு நேராக ஒரு நீள மேசை வந்துவிடும். கடையில் வேலை செய்கிறவர்கள் தாங்களே படித்து ரசித்த புத்தகங்களைத்தான் அதில் வைக்கலாம். ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய ஓர் அட்டையைச் செருக வேண்டும். முழுதாகப் படிக்காத புத்தகத்துக்கு அட்டை எழுதக் கூடாது. இது முதலாளி போட்ட சட்டம்.

மேசையில் வேகமாகக் காலியாவது சின்னவள் அட்டை எழுதிய புத்தகங்கள்தான். வீட்டில் அவள் சின்னவள். அம்மா கடைக்குப் போன் செய்து "சின்னவ இருக்காளா?" என்று கேட்டுக் கேட்டே கடையிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிதேசத்து நாவல்களின் மொழிபெயர்ப்புகள் என்றால் அவளுக்கு உயிர். விலை ஒட்டும்போதுகூட ஏதோ ஒரு பனி ஊரின் தெருவில் நடந்துகொண்டிருப்பாள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு விலை ஒட்டித் திட்டு வாங்குவாள்.

முதலாளிக்குத் தெரியாத பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. மனசுக்குப் பிடித்த நாவலின் கடைசி அத்தியாயத்தை அவள் படிக்க மாட்டாள். பிடிக்காததைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிவரை படித்துவிடுவாள். பிடித்ததை முடித்துவிட்டாலோ, அந்த ஊரும் ஆட்களும் தன்னை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று ஒரு பயம். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் நிறுத்திக்கொண்டால் எல்லாரும் உள்ளே பத்திரமாக இருப்பார்கள்.

படகு வீட்டு நாவலையும் அவள் அப்படித்தான் படித்திருந்தாள். ஒரு குடும்பம் கோடை முழுக்க ஏரியில் ஒரு படகு வீட்டில் தங்குகிறது. கடைக்குட்டிப் பையன் சட்டைப் பொத்தான்களை ஒருநாளும் சரியாகப் போட்டதில்லை, அதனால் அவனுக்குப் பொத்தான் என்றே பெயர். வரி கேட்டு வரும் அதிகாரியின் தொப்பிக்குள் தவளையை விடுவான். கேட்டால், தவளைதான் தொப்பி கேட்டது என்பான். சின்னவள் நிறுத்திய இடத்தில் எல்லாரும் படகின் கூரைமேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். 'சிரித்துக்கொண்டே மூடி வைக்கலாம்' என்று அட்டை எழுதினாள்.

அதே நாவலின் இன்னொரு பிரதியை அக்காவுக்கும் கொடுத்தாள்.

வருஷத் தொடக்கத்தில் அக்காவின் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அக்கா மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையை அவளுக்குக் காட்டவில்லை. பார்த்தால் தாங்க மாட்டாள் என்று அத்தானும் அம்மாவும் டாக்டரும் பேசி முடிவெடுத்தார்கள். நடைபாதையில் நர்ஸ் துணிச்சுருளோடு கடந்தபோது சின்னவள் பார்த்துவிட்டாள். அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "அவகிட்ட வாயைத் தொறக்காத" என்றாள். இதுவரை திறக்கவில்லை.

அப்போதிலிருந்து அக்கா அம்மா வீட்டில், சுவரைப் பார்த்துப் படுத்தபடி. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"உங்க கடையில சிரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டு வாயேன்" என்று அம்மாதான் கேட்டாள். "அழுகாச்சிக் கதை வேணாம், சொல்லிட்டேன்."

சின்னவள் படகு வீட்டைக் கொண்டுவந்து அக்காவின் தலையணை ஓரம் வைத்தாள். "இதுல யாரும் சாக மாட்டாங்க அக்கா. நம்பிப் படி."

முதலில் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் அம்மா குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினாள். சிரிப்புதான்.

"இந்தப் பொடியன் பண்றதைப் பாரேன் டி!" என்றாள் அக்கா, தவளை வரும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு. "எவ்வளவு வாய் இதுக்கு!" அன்று எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அன்றைய சமையலில் வெங்காயமே இல்லை.

கடையில் பில் போடும் அண்ணனுக்குக் கடைசிப்பக்கம் என்று பட்டப்பெயர். எந்தப் புத்தகத்தையும் அவர் பின்னாலிருந்துதான் தொடங்குவார். "வெளிய போற வழி எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் உள்ளயே போவேன்" என்பார். கூட்டமில்லாத ஒரு முற்பகலில் அவர் விடுமுறை மேசைப் பக்கம் வந்து சின்னவளின் அட்டையை உருவிப் படித்தார்.

"ஏம்மா, இது நீ எழுதுனதா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"சிரிச்சுக்கிட்டே மூடி வைக்கலாமாம்ல! என்ன கல்நெஞ்சு உனக்கு. அந்தப் பொத்தான் பய தண்ணியில போனதைப் படிச்சுட்டு நான் கவுண்டர்லயே மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பில்லு வாங்க வந்தவரு ஜலதோஷமான்னு கேக்குறாரு."

சின்னவளின் கையில் விலை ஒட்டும் கருவி அப்படியே நின்றது. "தண்ணியில போயிட்டு... வந்துருவான்ல?"

"எங்க வர்றது?" அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். குரல் இறங்கியது. "நீ முடிக்கலையா?"

சின்னவள் கருவியைக் கீழே வைத்தாள். அட்டையை வாங்கிப் பைக்குள் திணித்தாள். உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்தவர் நம்பினார். தாள் வெட்டும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அம்மா அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்தது, பக்க அடையாளமாக அக்காவின் தலைமுடி கிளிப். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. புத்தகத்தைத் தொலைத்துவிடலாமா என்று முதலில் நினைத்தாள். பாதியில் பிடுங்கினால் அக்கா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். கூரைமேல் பாட்டோடு முடிந்தால் என்ன குறை? தனக்கு இத்தனை நாளாக அங்கேதானே முடிந்திருந்தது?

கடைசி அத்தியாயத்தை விரித்து, எழுத்துகள் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு தாளாக முதுகை ஒட்டி வெட்டினாள். புத்தகக்காரி கை, கோணவில்லை. வெட்டிய தாள்களைப் பையில், அந்த அட்டையோடு வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது.

"இங்க வா டி."

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்திருந்தது.

"முடிச்சிட்டியா அக்கா? எப்படி இருந்துச்சு?"

"நீ சொல்லு. கதை எப்படி முடியுது?"

"அதான்... எல்லாரும் கூரைமேல உக்காந்து பாடுறாங்க. அவ்வளவுதான்."

அக்கா அவள் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் புத்தகத்தின் கடைசியில், தாள்கள் இருந்த இடத்தில் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தாள். நேற்றுச் சவரம் செய்த தாடைபோல் சொரசொரத்தது.

"இது என்ன?"

"சில பிரதியில இப்படி வரும்க்கா. அச்சுக்காரங்க வேலை. வேற மாத்தித் தரேன்."

"முன்னாடி பொருளடக்கத்துல இன்னொரு அத்தியாயம் இருக்கு. அதை வெட்ட மறந்துட்ட."

சின்னவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"பொத்தான் செத்துருவானா?"

சின்னவளின் பார்வை கூடத்தில் வைத்த பைக்குப் போனது. அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமானது. "நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கா, விடேன்மா. ஒரு கதைப் புத்தகத்துக்குப் போயி..."

"நல்லதுக்குத்தான். ஆஸ்பத்திரியிலயும் நல்லதுக்குத்தான்." அக்கா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "நான் கண்ணு முழிச்சப்ப எல்லாரும் சலவைத் துணி மாதிரி மூஞ்சியை மடிச்சு வெச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு எது தாங்கும் எது தாங்காதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணுவீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க. இப்ப இவளும் கத்தியைத் தூக்கிட்டா." சின்னவளிடம் திரும்பினாள். "தாள் எங்க?"

பையிலிருந்து எடுத்துவந்தாள். அக்கா அதை வாங்கவில்லை.

"நீ படி. நான் கேக்கறேன்."

"அக்கா, நான்... இதைப் படிச்சதில்ல. பிடிச்ச கதையில கடைசி அத்தியாயம் படிக்க மாட்டேன்."

அக்கா அவளையே பார்த்தாள். அவள் உதட்டு ஓரம் சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி இழுத்துக்கொண்டது. "அப்புறம் எந்தத் தைரியத்துல டி யாரும் சாக மாட்டாங்கன்னு எங்கிட்ட சொன்ன?"

சின்னவள் தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். விடியற்காலையில், எல்லாரும் தூங்கும்போது, பொத்தான் ஒரு வாத்துக் குஞ்சின் பின்னால் தண்ணீருக்குள் இறங்குகிறான். அவ்வளவு சின்ன விஷயமாக அது நடந்துவிட்டது. சின்னவள் அந்த வரியைத் தாண்டிப்போய், நம்ப முடியாமல் திரும்ப வந்து படித்தாள். அவனைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அம்மாக்காரி யாரையும் கிட்டே விடாமல் அவனைத் துடைத்து, புதுச் சட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரியாகப் போடுகிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, அவன் போடுவதுபோலவே தப்பும் தவறுமாகப் போட்டுவிடுகிறாள்.

சின்னவள் தாளைத் தாழ்த்தினாள். "படி" என்றாள் அக்கா. மீதியையும் படித்தாள். தாள்கள் தீர்ந்தன.

அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அம்மா போகவில்லை.

"அவ பிள்ளையை அவகிட்ட குடுத்தாங்க" என்றாள் அக்கா. "அவ பாத்தா." சுவரைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தாள். "நீ நடைபாதையிலதான் நின்னேன்னு நர்ஸ் சொன்னாங்க. நீ பாத்தல்ல?"

சின்னவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மாவின் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, அன்று மணிக்கட்டைப் பிடித்த அதே பிடி. வாய் ஏதோ சொல்ல வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தேன்."

"சொல்லு."

"முடி... நிறைய முடி இருந்துச்சு அக்கா. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு. காது உன் காது மாதிரியே, மேல கொஞ்சம் மடிஞ்சு..." அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

அக்காவின் கை தானாகத் தன் காதுக்குப் போய், அந்த மடிப்பைத் தடவியது.

"நிறுத்தாத" என்றாள். "கை எப்படி இருந்துச்சு?"