பிரீத்தி ஊருக்குப் போகிற ரோடு

குன்னூருக்கு அந்த வண்டியைப் பார்க்கப் போன கருணாகரன், மைலேஜ் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. "சேத்துல ஏறுமுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

விற்றவர் பெயர் ஆண்ட்ரூ. எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகனோடு இருக்கப் போவதால் தன் ஜிம்னி ஜீப்பைக் கொடுத்துவிட நினைத்தார். கியருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சின்னக் கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

"இதைத் தள்ளினா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கல்லு, சேறு எதுவா இருந்தாலும் ஏறிடும். தார் ரோட்டுல மட்டும் போடாதீங்க. வண்டிக்கு ஆகாது."

கோத்தகிரியிலிருந்து கூட வந்த மெக்கானிக் வசந்தகுமார் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "துரு இல்லீங்கண்ணா. டயர் மட்டும் மாத்திக்கலாம். நல்லா வெச்சிருக்காரு." அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

கருணாகரனுக்குக் கோத்தகிரி கடைவீதியில் உரக்கடை. சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். கடைச் சரக்கு ஏற்ற ஒரு பழைய வேன் இருந்தது; அதுவே போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தார். இப்போது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தேவைப்பட்டதற்குக் காரணம், ஒரே மகள் பிரீத்தி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஜெகதீசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பந்தலூருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன் அவன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். நம்ம ஆட்கள் இல்லை என்று கருணாகரன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஊட்டியில் பதிவுத் திருமணம் நடந்தது. அவரும் மனைவி காளியம்மாளும் போகவில்லை. பேத்தி இந்து பிறந்த பிறகு மகள் வீட்டுக்கு வரலாம் என்று ஆயிற்று. வருஷத்துக்கு இரண்டு தடவை குழந்தையோடு பஸ்ஸில் வருவாள். ஜெகதீசன் ஊட்டி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். அவனை வரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

"ஒருக்கா நாங்களும் உங்க ஊட்டுக்கு வாரோம் கண்ணு," என்பாள் காளியம்மாள்.

"பந்தலூர் வரைக்கும் சரிம்மா. அதுக்கு மேல ரோடே இல்ல. வெறும் கல்லு. மழை பெஞ்சா ஜீப்பே நின்னுக்கும். அப்பா வேன் ஏறவே ஏறாது," என்பாள் பிரீத்தி.

பேப்பரை விரித்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் கருணாகரனுக்கு அந்த ரோட்டின் மேல் வருத்தம் எதுவும் வந்ததில்லை. மகள் வீட்டுக்குப் போவதில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ரோடு சரியில்லீங்க," என்று அவரும் சொல்லிக்கொள்வார். சொல்ல வசதியாகத்தான் இருந்தது.

போன தீபாவளிக்குப் பிரீத்தி வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். பொங்கலுக்கும் வரவில்லை. ஸ்கூலில் லீவு தரவில்லை என்றாள். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். போன் பேச்சும் சுருங்கிப்போனது. காளியம்மாள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் சோறு போடும்போது, "ஏனுங்க, சேத்துல போற காருன்னு ஒண்ணு வருதாமே," என்றாள். அந்த வாரமே அவர் குன்னூருக்குப் போனார்.

வண்டி கைக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். போன் பண்ணிச் சொல்லிடலாம் என்றாள் காளியம்மாள். வேண்டாம், திடீரென்று போய் நிற்கலாம் என்றார் கருணாகரன். பின் சீட்டு நிறைய முறுக்கு, கேரட், குழந்தைக்கு ஸ்வெட்டர், பாவாடை சட்டை. நடுவட்டம் இறங்கி, கூடலூர் தாண்டி, பந்தலூரும் கடந்து எஸ்டேட்டுக்குத் திரும்புகிற முக்குக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, அந்தச் சின்னக் கம்பியைத் தள்ளிப் போட்டார். எதற்கும் கேட்டுக்கொள்ளலாம் என்று அங்கிருந்த மலையாளி டீக்கடைக்காரரிடம் வழி கேட்டார்.

"நேரே மேலே கேறிக்கோ சேட்டா. ஒரே ரோடுதான்."

"வண்டி போகுமுங்களா? ரொம்ப மோசம்னு சொன்னாங்க."

கடைக்காரர் அவரையும் வண்டியையும் பார்த்தார். "யாரு சொன்னது? நல்ல ரோடாணு. மினி பஸ் போகுது, வருது. கல்லு ரோடெல்லாம் பத்து வருஷம் முன்னே."

கருணாகரன் தள்ளிய கம்பியை மறுபடி பழைய இடத்துக்கு இழுத்துவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு பக்கமும் தேயிலை. நடுவில் வழவழவென்று தார் ரோடு. "இப்பத்தான் போட்டிருப்பாங்களோ?" என்றாள் காளியம்மாள். ரோட்டோரத்தில் தார் உதிர்ந்து புல் முளைத்திருந்ததை அவர் பார்த்தார். எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டார்.

பிரீத்தி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஓடி வரவில்லை. "வாங்கப்பா, வாங்கம்மா," என்றாள். அதற்குள் மாமியார் ஆண்டாயி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"வாங்க, வாங்க. உள்ளுக்கு வந்து இருங்க. இந்தா, தேத்தண்ணி ஊத்துறேன்."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இந்துவைக் கையில் பிடித்தபடி ஜெகதீசன் வந்து நின்றான். எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வந்தது. குடித்துவிடுவது என்று கருணாகரன் வண்டி வாங்கிய அன்றே முடிவு செய்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகள் பார்க்கும்படி முழு டம்ளரையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்ச் சுவரில் மாலை போட்ட போட்டோவைக் கண்டார். ஜெகதீசனின் அப்பா பொன்னுத்துரை.

"இது எப்பொ?" என்றார்.

"புரட்டாசியிலங்க மாமா," என்றான் ஜெகதீசன். "நெஞ்சு வலின்னாங்க. கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

காளியம்மாள் எழுந்து போய் ஆண்டாயியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். கருணாகரன் வெளியே வந்து காரின் மேல் கையை ஊன்றி நின்றார். சற்று நேரம் கழித்துப் பிரீத்தி வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாப்பா?"

அவர் காரின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் தேய்த்தார்.

"வந்தாலும் வெளியவே நின்னிருப்பீங்க. சாவு ஊட்டுல அதை என்னால பாக்க முடியாது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி மாமா நம்ம ஊட்டுக்குப் பேச வந்தாரே, ஞாபகம் இருக்குதுங்களா? கேட்டுக்கு அந்தப் பக்கமே நிக்க வெச்சீங்க. அம்மா பேப்பர் கப்புல டீ கொண்டு போய்க் குடுத்தாங்க. குடிச்சுட்டு, அந்தக் கப்பை எங்க போடறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுட்டு நின்னாரு. நான் மாடி ஜன்னல்ல இருந்து பாத்துட்டு இருந்தேன்."

"அது அப்பொ..."

"அவரு அதை எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டலைங்கப்பா. சம்மந்தி எப்ப வருவாருன்னுதான் கேட்டுட்டே இருப்பாரு. நீங்க இங்க வந்து தண்ணி வாங்கிக் குடிக்காம எந்திரிச்சுப் போனா, அவரு மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது? அதான் உங்ககிட்ட ரோடு சரியில்லைன்னேன். அவருகிட்ட, அப்பாவுக்கு முதுகு வலி, மலை வளைவு ஒத்துக்காதுன்னேன். நம்பிட்டாரு. முதுகுக்கு நல்லதுன்னு எங்கியோ போய்த் தைலம் வாங்கிட்டு வந்து, ஊருக்குப் போறப்பக் குடுன்னாரு. நான் எடுத்துட்டு வரலை."

கருணாகரன் தேயிலைச் செடிகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு டீ குடிச்சீங்க. பாத்தேன்," என்றாள் பிரீத்தி. "யாருக்குக் காட்டறதுங்கப்பா அதை?" முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்ப எழுந்தபோது ஆண்டாயி, "பனி இறங்கிரும். இருந்துட்டுக் காலையில போங்களேன்," என்றாள். கருணாகரன் மகளைப் பார்த்தார். அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ரெண்டு நாள் இருக்கட்டும் அத்தை," என்றாள், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பாவுக்குக் கடை இருக்குது."

ஜெகதீசன் கார் வரை வந்தான். "சம்மந்திய எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க? ஒருக்கா பாத்துட்டுப் போறேன்," என்று கருணாகரன் கேட்டார். இறந்தவரை அவர் அப்படிக் குறிப்பிட்டது அதுவே முதல் தடவை. ஜெகதீசன் கொஞ்சம் யோசித்தான்.

"இன்னிக்கு வேண்டாங்க மாமா. பிரீத்தி ஒரு மாதிரி இருக்கா. இன்னொரு நாளைக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் தனியாகத் திரும்பினார். நடுவட்டத்துக்கு மேலே பனி ரோட்டை மூடியிருந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காளியம்மாள் நாலைந்து நாள் கழித்துப் பஸ்ஸில் வந்தாள். கூட்டிப் போக வரட்டுமா என்று இவர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வந்த பிறகும் அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "அந்தம்மா என்னைய ஒரு வேலையும் செய்ய உடலீங்க."

மாசியில் அவர் மறுபடி போனார். பிரீத்தி வரவேற்றாள், சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கூட வரவில்லை. வண்டியைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஓரம் விட்டுவிட்டு, ஜெகதீசனும் அவரும் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். மேட்டின் ஓரத்தில் மண் இன்னும் முழுதாக அமுங்காமல் இருந்தது. தலைமாட்டில் ஒரு கல்.

கருணாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என்ன வயசு?"

"எழுவதுங்க மாமா."

"என்னைவிட நாலு வயசு மூத்தவரு," என்றார் கருணாகரன்.

"ஆமாங்க," என்றான் ஜெகதீசன்.