கல்வெட்டின் கடைசி வரி

கடப்பாரையும் கையுமாக ஓவர்சீயர் அணைக்கரையில் கல்வெட்டுச் சுவரை ஒட்டி நின்றார். மழை விட்டபாடில்லை. வெள்ளத்தைத் தடுக்கவென்று கட்டிய சின்ன மண் அணை அது. தண்ணீர் அளவு மீறினால் ஓரமாக வழிந்து போகட்டும் என்று ஓரிடத்தில் மட்டும் கரையைத் தாழ்த்திக் கல் பாவியிருந்தார்கள். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்க இடம் தேடிய பெரிய பொறியாளரின் கண்ணில் பட்டது அந்த இடம்தான். மற்ற இடமெல்லாம் வெறும் மண். தலைவர் பெயரின் பாரத்தைத் தாங்காது.

"அங்க சுவர் வச்சா தண்ணி எப்படி சார் போகும்?" என்று ஓவர்சீயர் கேட்கத்தான் செய்தார்.

"வரும்போது பாத்துக்கலாம்யா. கடைசி வரியில உன் பேரையும் போடச் சொல்றேன்."

அதோடு தண்ணீரைப் பற்றிய கவலை ஓவர்சீயருக்கும் போய்விட்டது.

எதிர்க்கரைச் சாலையில் போகிறவர்கள் படிக்கட்டும் என்று கல்வெட்டை நீர்ப்பக்கம் பார்த்துப் பதித்தார்கள். அங்கிருந்து தலைவர் பெயர் மட்டும்தான் தெரியும். கடைசி வரியைப் படித்த ஒரே ஆள் ஓவர்சீயரின் அக்கா. கரைச்சரிவில் இறங்கி, கல்லோடு முகத்தை வைத்துப் படித்தாள். அவள் வீடு அணைக்கு நேர் கீழே. முன்பெல்லாம் மேகம் கறுத்தாலே தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, படுத்த படுக்கையான கணவரை ஆள்வைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவாள். அணை வந்தபின் அசையவில்லை. "என் தம்பி கட்டினது. ஓடுறவங்க ஓடுங்க" என்று தெருவையே கேலி செய்தாள். தெருவும் நம்பி உட்கார்ந்துவிட்டது.

காலையிலேயே ஓவர்சீயர் பொறியாளரிடம் போனில் கெஞ்சிப் பார்த்தார். "சுவரை இடிச்சிடவா சார்? கரைமேல வழிஞ்சா மண்ணு கரைஞ்சிடும்."

"தலைவர் பேர்மேல கடப்பாரையா? உன் வேலையோட என் வேலையும் போயிடும்யா. மேல கேட்டுச் சொல்றேன், இரு."

இருந்தார். மேலே கேட்பது இன்னும் முடியவில்லை. தண்ணீர் யாரையும் கேட்காமல் ஏறியது.

அக்கா குடையோடு கரையேறி வந்தாள். "ஏன்டா, இப்படித் தேங்கி நிக்குது? போக வழி விடலையா?"

"விட்டோம்க்கா. நீ மாமாவக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போ."

"இப்ப தூக்க யாருடா வருவா? அவனவன் வீட்டைப் பாக்கவே நேரமில்ல. எல்லாரையும் நான்தானே போகாதீங்கன்னு சொன்னேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள்.

"கடப்பாரை எதுக்குடா வச்சிருக்க?"

ஓவர்சீயர் குனிந்தார். செம்மண் தண்ணீர் கல்வெட்டைத் தொட்டுவிட்டிருந்தது. தலைவர் பெயர் மேலே நனையாமல் இருந்தது. கீழே, அவர் பெயர் இருந்த கடைசி வரி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.