கண்ணுக்குள் ஒரு ஈ

பால் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருந்தது. நட்ட நடுவில், நனைந்த கொசுக்கால் மாதிரி ஓர் இழை. அதன் நுனியில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு முடிச்சு. டம்ளரைச் சாய்த்தாள். அது சாயவில்லை. கண்ணைத் திருப்பினாள். உடனே கிளம்பி, சாவகாசமாக நீந்தி, விளிம்புவரை போய், அங்கிருந்து வழுக்கிக்கொண்டே திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. பாலில் ஒன்றும் இல்லை, எல்லாம் வலது கண்ணுக்குள்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தொண்டைக்குத் தெரியவில்லையே. நாக்கடியில் எச்சில் ஊறியது. பாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கொட்டிய இடத்தையும் பொடி போட்டுத் தேய்த்தாள்.

கணவர் போனதிலிருந்து அவள் வயிறாரச் சாப்பிடவில்லை. வந்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "எப்படி உருகிப்போயிட்டா பாரு, பாவம்" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளும் மறுக்கவில்லை. தட்டில் ஈ கிடக்கிற மாதிரி தெரிகிறது, குமட்டுகிறது, அதனால் சாப்பிடவில்லை என்று இழவு வீட்டில் யாரிடம் சொல்வது? துக்கம் வேறு பக்கம் இருந்தது. அதற்குத் தனி நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

போன வாரம் வேலை செய்யும் இடத்தில் இஸ்திரி மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். அதைக் கேள்விப்பட்டு நாத்தனார் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணி. என் கண் முன்னாடி நீங்க ஒரு கிண்ணம் சூப் குடிச்சாகணும். இல்லேன்னா பெட்டியைக் கட்டுங்க, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

அந்த வீட்டை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். அங்கே பூனை சாப்பாட்டு மேஜை மேல் படுத்துத் தூங்கும். அது எழுந்து போன இடத்தில் தட்டு வைப்பார்கள். பல் விளக்கும் பிரஷ்கள் ஒரே கோப்பையில் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு துண்டு, அதுவும் எப்போதும் ஈரம். அங்கே போய் இருப்பதைவிடப் பட்டினியில் போய்ச் சேரலாம் என்று நினைத்தாள். ஆனால் நாத்தனார் சொன்னால் செய்கிறவள். ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அவள் வேலை பெரிய சலவைக் கூடம் ஒன்றில். ஆஸ்பத்திரிகள், தங்கும் விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கே வரும். துவைத்து, இஸ்திரி மெஷினில் புகுந்து சூடாக வெளிவரும் விரிப்பை விளக்குப் பலகைக்கு முன்னால் தொங்கவிட்டு, கறை, முடி, மருந்துச் சாயம் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுக்கு அங்கே பெயரே கழுகு. சின்னவர்கள் கழுகக்கா என்பார்கள். மனிதர்கள் படுத்து எழுந்த துணியில் என்னென்ன விட்டுப் போகிறார்கள் என்று அவளைப் போலப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்தே மனிதர்கள் மேல் ஒரு அருவருப்பு அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது அடைப்பு எடுக்கிறவரை. சாக்கடை, கழிவறைக் குழாய், ஹோட்டல் சமையலறையின் எண்ணெய்த் தொட்டி, எது அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரே அவரை அடைப்புக்காரர் என்றது. முழங்கைவரை உள்ளே விட்டுக் கூந்தல் முடியைப் பந்து பந்தாக இழுத்துப் போட்டுவிட்டு, அதே உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்து அன்று என்ன கிடைத்தது என்று விவரிப்பார். பொய்ப்பல் செட் ஒன்று, கல்யாண மோதிரம் ஒன்று, ஒரு தடவை உயிரோடு ஆமைக்குட்டி.

"சீ! முதல்ல போய்க் குளிங்க" என்பாள்.

"ஆமை என்னை மாதிரிதாம்மா. குளிச்சிட்டுத்தான் இருந்துச்சு."

கொல்லைக் குழாய், தனிச் சோப்பு, தனித் துண்டு, நகத்துக்குத் தனி பிரஷ். இவ்வளவும் ஆன பிறகுதான் அவர் சமையலறை வாசலைத் தாண்டலாம். அப்போதும் தட்டைத் தொட விடமாட்டாள். அவளே போட்டு வைப்பாள்.

அவளுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆன மறுநாள் கட்டை அவிழ்த்தபோது உலகமே வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டுக்கு வந்தவள் அடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பார்த்தாள், அவருடைய காலரைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா இதுக்குள்ளயா குடித்தனம் பண்ணினேன்?"

"தப்புப் பண்ணிட்டோம். பழைய கண்ணையே திருப்பி வைப்பாங்களான்னு கேட்டுப் பார்க்கவா?" என்றார் அவர்.

தேய்த்துக் கழுவியே சில வாரம் போனது. வீடு பளபளத்தது. அப்போதுதான் ஒரு காலை, வெள்ளைச் சுவரின் மேல், கண்ணுக்குள் அது வந்து இறங்கியது.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, மேலே பார் கீழே பார் என்று நெடுநேரம் சோதித்தார். "கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கும்மா. வயசானா அது சுருங்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்குச் சீக்கிரமே சுருங்கும். அந்த நார்தான் மிதக்குது. விழித்திரை நல்லா இருக்கு. மின்னல் மாதிரி வெட்டினாலோ, திடீர்னு கறுப்பா நிறையக் கொட்டினாலோ அன்னைக்கே ஓடி வாங்க. இல்லேன்னா கண்டுக்காதீங்க. பழகிடும்."

பழகவில்லை. அந்த ஜெல்லி என்ற வார்த்தையே அவளைப் படுத்தி எடுத்தது. இத்தனை காலம் தலைக்குள் வழவழவென்று ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அது இப்போது நைந்து, நார் நாராய்ப் பிரிந்து, தன் அழுக்கிலேயே மிதக்கிறது. வெளியே ஒட்டியது எதுவானாலும் கழுவிவிடலாம். இதற்கு எந்தச் சோப்பைப் போடுவது?

வேலையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணைச் சட்டென்று மேலே தூக்கிக் கீழே இறக்கினால் இது அலைந்துவிட்டுத்தான் வந்து சேரும். கறை இடத்தைவிட்டு நகராது. நகராதது கறை, நகர்வது சனியன். ஆனால் அந்த வழி சாப்பாட்டு மேஜையில் பலிக்கவில்லை. ஈயும் நகருமே!

"கறுப்புத் தட்டுல சாப்பிடுங்க கழுகக்கா, தெரியவே தெரியாது" என்றாள் கூட வேலை செய்கிறவள்.

"கறுப்புத் தட்டுல நிஜமாவே ஒண்ணு விழுந்தா? அதுவும்தான் தெரியாது."

கடைசியில் கை கொடுத்தவர் அடைப்புக்காரர்தான். எந்த ஆளைத் தட்டுப் பக்கமே விடாமல் வைத்திருந்தாளோ, அவரே எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, அவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார். குழாய்க்குள் பார்க்கிற அதே பார்வை. மூச்சுக் காற்று சூப்பில் பட்டு ஆவி கலையும். அது ஒரு குமட்டல்.

"சுத்தம். சாப்பிடு" என்பார்.

அந்தச் சொல் விழுந்தால்தான் அவள் கரண்டியை எடுப்பாள். சில நாள் பாதியில் நிறுத்தி, "இன்னொரு தடவை பாருங்க" என்பாள். அவரும் அலுக்காமல் குனிவார். "உன் குடித்தனக்காரன்தான் உலாத்துறான். சாப்பாட்டுல யாரும் இல்ல."

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் கொல்லைக் குழாயடியில், தனிச் சோப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயத்தில் அடைப்பாம். ஊர் அடைப்பையெல்லாம் எடுத்தவருக்கா இப்படி என்று துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் ஏதோ தாங்களே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார்கள். சொல்லிவிட்டு அவள் கோப்பைகளில் எச்சில் படிய டீ குடித்தார்கள். அவள் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தும்மினாள். தும்மிய கையாலேயே அண்ணியின் கன்னத்தைத் தடவினாள்.

"எலும்பா இருக்கீங்களே அண்ணி! உட்காருங்க."

தூக்குப் பாத்திரத்தைத் திறந்து மூடியை மேஜையில் கவிழ்த்துப் போட்டாள். ஆவி பறக்கும் வெள்ளைக் காய்கறிச் சூப். அவளுக்கு ஒரு கிண்ணம், தனக்கு ஒரு கிண்ணம். விரலில் வழிந்ததை நக்கிக்கொண்டாள். புழுக்கமாக இருக்கிறது என்று வலைக்கதவையும் அகலத் திறந்து வைத்தாள்.

அவள் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். வெள்ளை மேல் அது வந்து உட்கார்ந்தது, காலை நீட்டிக்கொண்டு.

"கொஞ்சம் இதுல பாரேன். ஏதாவது இருக்கா?"

நாத்தனார் திரும்பக்கூட இல்லை. "ஒண்ணும் இல்ல, குடிங்க."

"நீ பார்க்கவே இல்ல."

"பார்க்க என்ன இருக்கு? நான் வச்ச சூப்பு."

"அதனாலதான் கேட்கிறேன்."

நாத்தனார் கரண்டியை வைத்தாள். "நல்லா இருக்கு அண்ணி! எங்கண்ணன் பார்த்தா மட்டும் தொண்டையில இறங்கும், நான் சொன்னா இறங்காதா?"

"உங்கண்ணன் குனிஞ்சு பார்ப்பார்."

"குனிவாரு. எதைப் பார்த்தாரு? கிட்டத்துல இருக்கிறது எதுவுமே அவருக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாரு. உங்க கிண்ணத்தைப் பார்க்கும்போது கண்ணாடி எங்க இருந்துச்சு?"

நெற்றியில். தினமும் நெற்றியில். விரிப்பில் ஊசிமுனைக் கறையைக்கூட விடாத கழுகு, எதிரே ஓர் அடி தூரத்தில் இருந்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"கண்ணாடி போட்டா ஏதாவது தெரிஞ்சு தொலைச்சிடும், தெரிஞ்சா பொய் சொல்ல வராதுன்னு என்கிட்டயே சொன்னாரு" என்றாள் நாத்தனார். ஆரம்பித்த வேகத்தில் அவளால் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு நான் இங்க சாப்பிட்டேனே, உங்க கிண்ணத்துல நிஜமாவே ஒரு ஈ கிடந்துச்சு. மேஜைக்கு அடியில அவர் காலை உதைச்சேன். புரிஞ்சுகிட்டாரு. உனக்கு நிறைய ஊத்தியிருக்கு, எனக்குக் கொடுன்னு கிண்ணத்தை மாத்திக்கிட்டாரு. ஈ எங்க இருக்குன்னுதான் அவருக்குத் தெரியல. அதான் மிச்சமே வைக்காமக் குடிச்சிட்டாரு."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. எப்பவும் என் கிண்ணத்து மேலயே கண்ணு என்று திட்டினாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஈயைக் குடித்த வாய்.

"சீ!" என்று எழுந்து தொட்டிக்கு ஓடினாள். குனிந்து ஓங்கரித்தாள். வெறும் வயிறு, எதுவும் வரவில்லை. அந்த ஒரு நாள் நாத்தனார் இருந்தாள். அவள் இல்லாத நாட்களில்? சுத்தம் சுத்தம் என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷர் அவளை எத்தனை ஈக்காலையும் இறக்கையையும் விழுங்க வைத்தாரோ. நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். "பொய்யன்," என்றாள் குழாயைப் பார்த்து. "அழுக்குப் பிடிச்ச பொய்யன்." கொப்பளித்த தண்ணீரோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. மூக்கும் ஒழுகியது. அதுவும் அருவருப்பாகவே இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாத்தனார் ஒன்றும் நடக்காத மாதிரி தான் கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கிண்ணத்தில், விளிம்பை ஒட்டி, கறுப்பாய் ஒன்று.

விளக்குப் பலகை முன்னால் செய்வதுபோல அவள் கண்ணைத் தூக்கி இறக்கினாள். சனியன் மேலே ஓடிக் கீழே வந்தது. கறுப்பு அப்படியே இருந்தது. இன்னொரு முறை தூக்கி இறக்கினாள். அசையவில்லை. இறக்கை இரண்டும் சூப்பில் விரிந்து ஒட்டிக் கிடந்தன. உயிருள்ள ஈதானே நகரும்? சூப்பில் விழுந்து செத்தது எங்கே நகரப்போகிறது? இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை?

"ஈ" என்றாள்.

"உங்களுக்கு அதே பேச்சு."

"உன் கிண்ணத்துலடீ. இந்தப் பக்கம். குனிஞ்சு பாரு."

நாத்தனார் பார்த்தாள். "அட, ஆமா." சுண்டுவிரல் நகத்தால் அதை நெம்பி ஜன்னல் பக்கம் சுண்டிவிட்டாள். விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்து, அதே சூப்பை மொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அடி சண்டாளி! வை அதை!"

பிடுங்கிய வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது. மீதியைத் தொட்டியில் கொட்டினாள். கிண்ணத்தைத் தேய்த்தாள், வெந்நீர் விட்டு அலசினாள், துடைத்தாள். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு! எந்தச் சாக்கடையில வளர்ந்தீங்க ரெண்டு பேரும்?" தன் கிண்ணத்தை ஜன்னலடிக்கு எடுத்துப் போனாள். கண்ணைத் தூக்கினாள், இறக்கினாள், ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஓடியது ஒன்றே ஒன்றுதான். பிறகு அதிலிருந்து பாதியைக் கழுவிய கிண்ணத்தில் ஊற்றி, நாத்தனார் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"இந்தா, இதைக் குடி. இது சுத்தம்."

"நீங்க?"

"நானும்தான். முதல்ல போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டு."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். இவள் வலைக்கதவைச் சாத்திவிட்டு வந்து கரண்டியை எடுத்தாள். கொசுக்கால் கரண்டிக்குள் இறங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் வைத்தாள். ஆறிப்போயிருந்தது, உப்பும் கூடுதல். விழுங்கினாள். அடுத்த கரண்டியிலும் அது இருந்தது.

"சீ" என்றாள். அதையும் விழுங்கினாள்.