ராட்சசி வீட்டுப் பெண்

காஜாக்கா ஃபோனில் கதை படிப்பதை நிறுத்துவதாகவே இல்லை. பாய்ந்து போய் அவள் ஃபோனைப் பிடுங்கலாம்; ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார்கள். மயங்கி விழலாம், அத்தை தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்துவிட்டு மீதிக் கதையைக் கேட்பாள். வாலு என்று பேரெடுத்தவள், வெட்டுமேசைக்கு அடியில் ஒரு யூனிஃபார்ம் பேண்ட்டின் தையலைப் பிரித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“‘அந்த ராட்சசிக்குக் கோரைப்பல் கிடையாது,’” பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் ஊசியைக் காதோரம் செருகிக்கொண்டு ராகம் போட்டுப் படித்தாள் காஜாக்கா. “‘பல்லிடுக்கில் வரிசையாகக் குண்டூசி. எவ்வளவு திட்டினாலும் ஒன்றுகூடக் கீழே விழாது. கழுத்தில் பாம்புபோல இஞ்ச் டேப்.’ அய்யோ அக்கா, அச்சு அசல் நீங்கதான்!”

அத்தை வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள். “யாருடி எழுதுனது?”

“பேரு போடலக்கா. ‘நிழல்’னு இருக்கு.”

நிழல் மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று அத்தை சொன்ன கோபத்தில் வாலு இணையத்தில் தொடங்கிய தொடர்கதை. ஏழு கடல் தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் ராட்சசியின் உயிர் என்ற பழைய கதையைப் பிரித்துப்போட்டு வேறு அளவுக்குத் தைத்தாள். கடல் போய்த் தையல்கடை வந்தது. கிளி போய், அத்தை யாரையும் தொடவிடாத பழைய மிஷினின் அடிநூல் சுற்றிய பாபின் வந்தது. கோபம் இரண்டே நாளில் ஆறிவிட்டது. ஆனால் படிக்கிறவர்கள் ‘அடுத்து என்ன?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாரால்தான் நிறுத்த முடியும்?

அத்தை திட்டினால் பரவாயில்லை, பொழுது சாய்வதற்குள் மறந்துவிடுவாள். பேசாமல் இருந்துவிட்டால்? அம்மா அப்பா இல்லாதவளுக்கு இந்தக் கடையையும் மாடியறையையும் விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

காஜாக்கா பாபின் வரும் இடம்வரை படித்து முடித்தாள். “உயிர பாபின்லயா வெச்சிருக்கா?” அத்தை சிரித்தாள். “கூறு கெட்டவ. நம்ம கடையில வாரத்துக்கு ஒரு பாபின் காணாம போகுது. என்னைக்கோ போய்ச் சேந்திருப்பா.”

வாலுவுக்குச் சுருக்கென்றது. பயத்தைவிட ரோஷம் முந்திக்கொண்டது. “அது ஒண்ணும் சாதா பாபின் இல்ல அத்த! நூலு தீரவே தீராது. அடுத்த பாகத்துல வருது.”

காஜாக்கா ஃபோன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “அடுத்த பாகம் இன்னும் வரவே இல்லியேடி?”

“வரும்னு… ஒரு ஊகம்.”

அத்தையின் கால் மிஷின் மிதியில் நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் எட்டிப் பார்க்கவில்லை. துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். “ஏண்டி காஜா, பழைய கதையில உயிர் இருக்கிற எடம் இளவரசனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ராட்சசி தூக்கிட்டு வந்து வளத்த பொண்ணு சொல்லிருவாளே! தலய வருடி, நைசாப் பேசி, ‘ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்’னு அழுது வாங்கிருவா.”

“ஊரையே நடுங்க வெச்சவ, அந்தப் பொண்ணு கேட்டதும் சொல்லிட்டாளே. மண்டையில மசாலா இல்லாதவளா?”

“பாசம்க்கா.”

“ம். இந்தப் புதுக் கதையில ராட்சசி இருக்கா, மிஷின் இருக்கு, குண்டூசிகூட இருக்கு. அந்தப் பொண்ண மட்டும் காணமே. எழுதுனவ அவள எங்க ஒளிச்சு வெச்சா?”

வாலுவின் கையிலிருந்த நூல் அறுந்தது. உண்மையாகவே அவள் அதை யோசிக்கவில்லை. இத்தனை பாகம் எழுதியும் அந்தப் பெண்ணின் நினைவு ஒருமுறைகூட வரவில்லை.

“நீ சொல்லு வாலு,” என்றாள் அத்தை. குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. “அந்தப் பொண்ணு யாரு பக்கம்?”