நியூ பாட்டி சாவைத் தள்ளிப்போட்ட விவரம்

கீழே வருவதில் ஒரு சொல் பொய் என்றாலும் எங்கள் ஊர் ஜாடிகளில் இருக்கிற காடி அத்தனையும் வெறும் தண்ணீராகப் போகட்டும்; சீனாவில் புளிக் காடிக்குப் பேர்போன ஷான்சிக்காரன் இதற்கு மேல் சத்தியம் செய்ய முடியாது. முட்டைக்கோஸ் மலிந்து கிடந்த குளிர்காலத் தொடக்கத்தில், நியூ குடும்பத்துப் பாட்டியின் கையில் கொடுத்த சுடு தேநீர் உறைந்துபோனது. முதல் நாள் கிண்ணம்தான் கெட்டது என்று நினைத்தார்கள். மறுநாள் தினைக் கஞ்சி கட்டியானது. அடுப்புச் சூடு அடியில் ஓடுகிற செங்கல் படுக்கையில் பாட்டி உட்கார்ந்த இடத்தில் மட்டும் வெண்பனி பூத்தது. கசாப்புக்கடை மா நல்ல மனிதர், வந்து நலம் விசாரித்தார். போகும்போது விற்காத பன்றிக்கறியைப் பாட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகலாமா என்றும் விசாரித்தார். பாட்டி சம்மதித்தாள். கறி ஒரு வாரம் கெடவில்லை.

பாட்டியை வைத்துக் காப்பாற்றியவள் பேத்தி யூலியன். குழந்தையில் அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுச் சுரங்க ஊருக்குப் போன அப்பாவும் அம்மாவும் திரும்பவில்லை. பாட்டிதான் மாவு மில்லில் கூலிக்குச் சலித்து அவளை வளர்த்தாள். இப்போது யூலியன் கைப்பிடி டிராக்டரில் கரி ஏற்றி ஓட்டுகிறாள். காடி காய்ச்சும் குவோ வீட்டு மகன் குவாங்ஷெங்குக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. வைத்தியர் வந்து பாட்டியின் நாடியைப் பார்த்தார், தன் விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டார், நோய் ஒன்றும் இல்லை என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி, சலிச்சுப் போச்சு, அவ்வளவுதான்," என்றாள் பாட்டி. "கால் விழுந்ததுலேருந்து மில்லுப் பக்கம் போக முடியல. யாரு யாரோட சண்டை, யாரு வீட்ல என்ன குழம்பு, ஒண்ணும் தெரியல. நீயோ வாயத் தொறந்தா டீசல் விலைதான் பேசுற. இந்தக் கொழுக்கட்டை நாளோட கிளம்பிடறேன்." பகல் மிகவும் குறுகிவிடுகிற அந்த நாளில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கொழுக்கட்டை வேகும். சாவதானால் சாப்பிட்டுவிட்டுச் சாவது என்பது பாட்டியின் கணக்கு. சாவு உடுப்பைப் போட்டுப் பார்த்து, இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தை என்று பேத்தியிடமே கொடுத்தாள்.

யூலியன் உடுப்பைப் பிடித்துத் தைக்கவில்லை. நூறு வீட்டுப் போர்வை தைப்பது என்று முடிவுசெய்தாள். பிறந்த குழந்தை தங்க வேண்டுமானால் நூறு வீட்டில் துண்டுத் துணி வாங்கித் தைத்துப் போர்த்துவது எங்கள் வழக்கம். நூறு வீட்டுக்காரர் பிடித்து வைத்திருக்கிற உயிரை யாரும் லேசில் கொண்டுபோக முடியாது. குழந்தைக்குச் சரியென்றால் கிழவிக்கு ஏன் சரியில்லை என்பது யூலியனின் நியாயம். ஆற்றைத் தாண்டாமல் ஒரே ஊரில் வாங்க வேண்டும். போர்த்தி முடிக்கும்வரை யாருக்கு என்று வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கொண்டுபோக வருபவனுக்குக் காது கேட்டுவிடும். அவள் வீடு வீடாகப் போய், "நூறு வீட்டுப் போர்வைக்கு ஒரு துண்டு குடுங்க," என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணமாகாத பெண் வந்து நூறு வீட்டுப் போர்வைக்குத் துணி கேட்டால் ஊர் என்ன நினைக்குமோ அதையே நினைத்தது. எல்லோரும் அவள் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்தபடியே துணி கொடுத்தார்கள். மாவின் மனைவி துணியோடு ஒரு கிண்ணம் ஊறுகாயும் கொடுத்து, "புளிப்பா இருக்குமே, பிடிக்குமே உனக்கு இப்போ," என்றாள். குவாங்ஷெங்கின் அம்மா குவோ அத்தை முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டாள், இரண்டாம் நாள் கல்யாணத்தை முறிக்கப்போவதாகக் கத்தினாள், மூன்றாம் நாள் பேரன் என்றே வைத்துக்கொண்டு குட்டிக் காலுறை பின்ன ஆரம்பித்தாள்.

டிராக்டர் கொட்டகையில் கால் நீட்டித் தைத்துக்கொண்டிருந்தவளைத் தேடி குவாங்ஷெங் வந்தான். "ஊரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்லுது. எனக்குத் தெரியாம நான் அப்பனாயிட்டேனாமே?"

"அப்படியா? சந்தோஷம்."

"விளையாடாத யூலியன். யாருக்குத் தைக்கிற?"

"போர்த்தற வரைக்கும் கேக்காத. நம்பினா ஊசியில நூலக் கோத்துக் குடு. நம்பலைன்னா வெளிச்சத்த மறைக்காமப் போ."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு நூலை நாக்கில் நனைத்தான். தன் சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்து அவன் கொடுத்த துண்டில் ஒரு கையகலம் காடிக் கறை இருந்தது. தையல் டிராக்டர் சக்கரத் தடம் போலக் கோணலாகத்தான் போனது, ஆனால் கொழுக்கட்டை நாளுக்கு முந்தின பகலில் போர்வை முடிந்தது. பாட்டிக்குப் போர்த்தினார்கள். குவோ அத்தை ஓடிவந்து பார்த்து, பேரன் இல்லை கிழவிதான் என்று தெரிந்ததும் பாதி பின்னிய காலுறையோடு உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றப் போட்ட தேநீரை மறந்துபோய்ப் பாட்டியின் கையில் கொடுத்தார்கள். அதில் ஆவி பறந்தது.

பாட்டி தேநீரைக் குடிக்கவில்லை. தலையைச் சாய்த்து, தோள் பக்கத்து நீலத் துண்டில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். "மாவோட ரெண்டாவது பொண்ணு மில்லுக்காரப் பையனுக்கு முட்டை ஒளிச்சு வெக்கிறாளாமே," என்றாள். நூறு துண்டும் அதனதன் வீட்டில் நடப்பதை அப்படியே முணுமுணுத்தன. பள்ளிக்கூட வாத்தியார் மனைவிக்குத் துணி துவைப்பது, குவோ வீட்டில் காடியில் தண்ணீர் சேர்ப்பது, எல்லாம் வந்தது. பாட்டியின் முகம் சிவந்து வியர்த்தது. கொழுக்கட்டை நாள் வந்தது, பாட்டி சாப்பிட்டாள், கிளம்பவில்லை. "அந்த முட்டை விஷயம் முடியட்டும், அரைகுறையாக் கேட்டுட்டு எப்படிடி போறது?"

இரண்டே நாளில் ஊருக்கு விஷயம் புரிந்தது. முற்றத்தில் கூட்டம் கூடியது, ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு. அவரவர் துண்டு அவரவருக்கு வேண்டும். யூலியன் வாசலில் கையை விரித்து நின்றாள். "உங்க மானம் போனா நாலு நாள் சிரிப்பாங்க. இவ போனா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். மாவின் மனைவி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நீலத் துண்டைக் கத்தரித்து எடுத்தாள். போர்வையில் ஓட்டை விழுந்தது. எல்லோரும் பார்க்கப் பாட்டியின் கிண்ணத்தில் பனியேடு படிந்தது.

பாட்டி மாவின் மனைவியைப் பார்த்தாள். "எடுத்துக்கோம்மா, உன் துணிதானே. உன் வீட்டு விஷயம் எனக்கு இனிமே வேண்டாம். குவோ வீட்ல நேத்து என்னமோ பெரிசா நடந்துது, அதக் கேக்கணும் நான்."

மாவின் மனைவி வாசல்வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பினாள். "குவோ வீட்ல என்ன?"

"உன் துண்டுதான் இல்லையே, உனக்கு எதுக்கும்மா?"

மாவின் மனைவி படுக்கையோரம் உட்கார்ந்து ஊசி கேட்டாள். நீலத் துண்டை அவளே தைத்தாள், யூலியன் தைத்ததைவிட நேராக. வெளியே கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. தன் வீட்டு மானம் ஒன்று போனால் அடுத்த வீட்டு மானம் தொண்ணூற்றொன்பது வருகிறது என்ற கணக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாட்டியின் தேநீர் மறுபடி ஆவி விட்டது. குவோ அத்தை மட்டும், "காடியில தண்ணி சேக்கறதச் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினாள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அப்போது தெரிந்துவிட்டது.

முட்டை விஷயம் வசந்தத்தில் கல்யாணமாக முடிந்தது. யூலியனுக்கும் குவாங்ஷெங்குக்கும் அதே மாதம் நடந்தது. பாட்டி அதற்குள் வாத்தியார் வீட்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும், சாவதற்கு ஒரு நல்ல இடைவெளி கிடைக்கவில்லை. ஊருக்கு மின்சாரம் வந்தது, கரி விலை இருமடங்கானது, தொலைபேசி வந்தது, யாரும் வாங்கவில்லை. துண்டில் சொல்வதும் அந்தந்த வீட்டில் கேட்டதால், சமாதானம் வேண்டியவர்கள் எதிர்வீட்டுத் துண்டின் மேல் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகப் பழகினார்கள். சாவு உடுப்பைக் காக்கை விரட்டும் பொம்மைக்குப் போட்டார்கள். பாட்டிக்கு இப்போது நூற்றுப்பதினான்கு வயது. காலையில் பார்க்கப் போனால், இரு, இது முடியட்டும் என்று கை காட்டுகிறாள், நாங்களும் உட்கார்ந்து காத்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள்.