கண்ணாடி மூடி போட்ட வாணலி

கடை வாங்கியிருக்கிறேன் என்று அவள் சொன்னதும், "சாவி எங்கடி?" என்று கேட்டாள் அம்மா.

சாவியும் கிடையாது, கதவும் கிடையாது. கைபேசித் திரையில் சமையல் சாமான்களின் படங்கள் இருக்கும். யாராவது பணம் கட்டி ஒன்றைக் கேட்டால், செய்தி கடல் கடந்த ஒரு கிடங்குக்குப் போகும். பொருள் அங்கிருந்து நேராக வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். நடுவில் இருப்பவருக்கு லாபம்.

"நல்லாயிருக்கே. அடுப்பு மூட்டாமலே சோறு" என்றாள் அம்மா.

தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்துக்கடை அக்கா. வருஷக்கணக்காக மருந்துக்கடையில் வேலைக்கு நின்று நின்று, கால் நரம்புகள் கயிறாய் முறுக்கிக்கொண்டுவிட்டன. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம்தான் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அந்த இணையக் கடை அவனுடையது. வேறு தொழிலில் இறங்கப்போவதாகச் சொன்னான்.

"வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல அண்ணி. உக்காந்த இடத்துலயே பார்க்கலாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி."

லாரி ஓட்டும் கணவர் தம்பி பேச்சுக்கு மறுபேச்சு அறியாதவர். அவளுடைய வளையல்கள் கடையாயின.

ஆரம்பம் நன்றாகவே போயிற்று. கண்ணாடி மூடி போட்ட ஒரு வாணலிதான் கடையைத் தூக்கி நிறுத்தியது. பார்சல் வரவில்லை, நிறம் மாறிவிட்டது என்று யாராவது குறைப்பட்டால் அனுப்புவதற்கென்றே கொழுந்தன் சில பதில்களை எழுதி வைத்திருந்தான். தொட்டால் போதும், போய்விடும்.

ஒரு காலையில், பாதி முகம் கட்டுப்போட்ட ஒரு சிறுமியின் படம் வந்தது. கீழே, 'அடுப்புல கூட இல்ல. மேடைல சும்மா இருந்த மூடி வெடிச்சிருச்சு' என்றிருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல், பழக்கத்தில் விரல் தொட்டுவிட்டது. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அடுத்த நிமிஷமே தொலைபேசி அடித்தது.

"சிரமமா?" என்றது ஓர் ஆண்குரல். "நான் வெல்டிங் பட்டறையில இருக்கேன்மா. பொழுதன்னைக்கும் நெருப்புப் பொறிக்கு முன்னாலதான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. சாப்பிட வந்து நின்ன பிள்ளைக்குக் கண்ணு போச்சு. உங்க கடை எங்க இருக்கு? நேர்ல வரேன்."

"கடைன்னு இடம் ஒண்ணும் இல்லைங்க."

"அந்தச் சாமானையாவது ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சாயங்காலம் கொழுந்தனை வரவழைத்தாள். கணவரும் அன்று வீட்டில் இருந்தார். "தம்பி, அந்த வாணலி மூடி ஒண்ணு..." என்று அவள் தொடங்கியதுதான் தாமதம்.

"இன்னொண்ணா?" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே உறைத்தது. கணவர் பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினியா?" என்றாள் அவள்.

"முன்ன ஒரு மூடி உடைஞ்சுது அண்ணி. பணத்தைத் திருப்பிக் குடுத்தேன், அடங்கிட்டாங்க. இதையும் அப்படியே முடிங்க. ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டீங்கன்னா நீங்களே குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. கடை இப்ப உங்க பேர்ல இருக்கு."

அவன் போன பிறகு, வாங்கியவர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பப் போவதாகச் சொன்னாள். கணவர் சுவரைப் பார்த்தபடி, "ரெண்டு நாள் பொறு. வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார்.

பொறுத்தாள். கடை பொறுக்கவில்லை. யாரும் தொடாமலே அது விற்றுக்கொண்டிருந்தது. 'உங்கள் ஆர்டருக்கு நன்றி' என்று அவள் பெயரில் தானாகவே செய்தி போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், கணவர் வண்டியெடுத்துப் போனதும், வாணலியின் படத்தை எடுத்துவிட்டு, மூடியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினாள். சிலர் திட்டினார்கள், சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பலரிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு பெண் மட்டும், 'இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?' என்று எழுதியிருந்தாள். என்ன ஆயிற்று, யாருக்கு ஆயிற்று என்று இவள் கேட்டுக் கேட்டு எழுதினாள். பதில் வரவேயில்லை.

கிடங்குக்காரன் கைகழுவினான். கடை படுத்துவிட்டது. கொழுந்தன் இந்தத் தெருப் பக்கம் வருவதை நிறுத்தினான். "அவன் வேணும்னு பண்ணல" என்று கணவர் ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு, உப்பு இருக்கா, தண்ணி வந்துதா என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வெல்டிங்காரர் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்திருந்தார். விசாரணையில், கொழுந்தன் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்த சாக்கு எதையும் அவள் சொல்லவில்லை. நான்தான் விற்றேன், தெரிந்த பிறகும் இரண்டு நாள் சும்மா இருந்தேன் என்றாள். கேட்காததையும் சேர்த்துச் சொல்வதைக் கண்டு அதிகாரியே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஈடு கட்டச் சொல்லி உத்தரவாயிற்று.

வெளியே, படிக்கட்டில் அவளுக்கு முன்னால் அப்பாவும் மகளும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிறுமியின் முகக் கட்டைப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து இமை மூடியே கிடந்தது. ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழம் பிடிபடவில்லை போலும். சிறுமி காலை நீட்டி, படி இல்லாத இடத்தில் வைத்துத் தடுமாறினாள். மருந்துக்கடை அக்கா பாய்ந்து கையை நீட்டினாள்.

"வேணாம்" என்றார் வெல்டிங்காரர். குரலில் கோபம்கூட இல்லை. "பழகிக்கட்டும்."

சிறுமி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியைக் காலால் துழாவினாள்.